படிவம் நிரப்புவோரும் கேள்வி கேட்போரும்

கடந்த மாதம் ஒரு மாலைப் பொழுதில், கலஹாவுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றைச் சேர்ந்த இளம்பெண்ணொருவர் கண்டியிலுள்ள எனது வீட்டுக்கு வந்திருந்தார். அவருடைய பாட்டனாரை எனக்குத் தெரியும். தொழிற்சங்கக் கூட்டங்களைப் பற்றிச் செய்தி சேகரிக்கத் தோட்டந்தோட்டமாக அலைந்த 1980களில், மழைக்கு ஒதுங்கி நின்ற என்னைத் தனது லயத்துக் காம்பராவுக்குள் அழைத்துச் சாயத்தண்ணி கொடுத்த மனிதர் அவர். பேத்தி இன்று பட்டதாரி. பட்டம் பெற்றபின் கழிந்த ஐந்து வருடங்களில் மூன்று சுகாதார ஆய்வுத் திட்டங்களில் தரவு சேகரிப்பாளராகப் பணியாற்றியிருக்கிறார். மூன்றுமே ஒப்பந்த வேலைகள். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்துவிடும்.

அவர் கையில் ஒரு விண்ணப்பப் படிவம் இருந்தது. பொதுச் சுகாதார ஆய்வுக்கும் சுகாதாரச் சமத்துவத்துக்குமான புலமைப்பரிசில் ஒன்றுக்கு வெளிநாட்டு நிதியமொன்று விண்ணப்பங்களைக் கோரியிருந்தது. ஆங்கிலத்தைச் சரிபார்த்துத் தருமாறு கேட்கவே அவர் வந்திருந்தார். ஆங்கிலத்தில் பெரிய பிழைகள் இருக்கவில்லை. ஆனால், விண்ணப்பதாரர் ஆசிரியராகவோ இணையாசிரியராகவோ பங்களித்த ஆய்வுக் கட்டுரைகளைப் பட்டியலிடும்படி கேட்கும் பகுதி வெறுமையாகக் கிடந்தது.

"நானூறு வீட்டுக்கு மேல ஏறி இறங்கியிருக்கேன் ஐயா. அத இதுல எங்க எழுதுறது?" என்று கேட்டார்.

உடனடியாகச் சொல்வதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்பதிவை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

உலகப் பொதுச் சுகாதார ஆய்வின் வரலாற்றில் கண்டியும் அதனைச் சூழ்ந்த மலைப்பிரதேசமும் ஒதுக்குப்புறமான இடங்கள் அல்ல. எம்மவர்களில் பலர் இதை அறியார். 1916 ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றம் இலங்கையில் கொளுக்கிப்புழு ஒழிப்பு நடவடிக்கையைத் தொடங்கியபோது அதற்குத் தெரிவுசெய்த இடம், கண்டிக்கு வடக்கே சுமார் 25 கிலோமீற்றர் தொலைவிலுள்ள மாத்தளைப் பகுதித் தோட்டங்களாகும். டொக்டர் ஜே. ஈ. ஸ்நொட்கிராஸ் என்பவர் அதற்குப் பொறுப்பாக இருந்தார். பரிசோதிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புழுத்தொற்று காணப்பட்டது.

தோட்டங்கள் ஏன் தெரிவுசெய்யப்பட்டன என்று யோசித்துப் பாருங்கள். நோய் அங்கே அதிகமாக இருந்தது உண்மையே. வெறுங்காலுடன் ஈரமண்ணில் நடக்கும் மக்கள், மலசலகூடம் இல்லாத லயங்கள், பாதத்தின் வழியே உடலுக்குள் நுழையும் புழு. இவை தவிர இன்னொரு வசதியும் இருந்தது. தோட்டத்தில் செக்ரோல் உண்டு. ஒவ்வொருவருடைய பெயரும் அதில் இருக்கும். காலையில் பெரட்டுக்களத்தில் எல்லோரும் கூடியே ஆகவேண்டும். மருந்து கொடுப்பதற்கும் மலத்தைப் பரிசோதித்து எண்ணிக்கை எடுப்பதற்கும் இதைவிட வாய்ப்பான ஒரு மக்கட்கூட்டம் ஆய்வாளருக்குக் கிடைக்காது. தைமோலும் கினோப்போடியம் எண்ணெயும் அன்றைய மருந்துகள். இரண்டுமே குடிப்பவரை வாட்டக்கூடியவை. குடித்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதைக் கேட்டு எழுதிவைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

மருந்து புழுவை வெளியேற்றியது. ஆனால் மலசலகூடம் இல்லாத இடத்தில் சில மாதங்களில் புழு திரும்பி வந்தது. மலசலகூடம் கட்டுவதென்றால் தோட்டத்துரைமார் பணம் செலவழிக்க வேண்டும். அதற்கு அவர்களில் பலர் உடன்படவில்லை. மருந்தை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பதைப் பின்னர் பொறுப்பேற்ற டொக்டர் டபிள்யூ. பி. ஜாகொக்ஸ் உணர்ந்தார். அதன் விளைவாக 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு ஆரம்பிக்கப்பட்டது. இன்று நாடு முழுவதும் நாம் காணும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளின் மூலவித்து அதுவே. தாய்சேய் நலத்தில் இலங்கையை உலகம் மெச்சுவதற்கு அந்த அமைப்பு ஒரு பிரதான காரணம் என்பதில் ஐயமில்லை.

பாடம் தோட்டத்தில் கற்கப்பட்டது. பயன் முதலில் கிராமத்துக்குப் போனது. தோட்டங்களோ 1872 ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் சட்டத்தில் தொடங்கிய தனிப்பாதையில், தோட்ட நிர்வாகத்தின் வைத்திய உதவியாளரையும் மருந்துக் காம்பராவையும் நம்பியே பல பத்தாண்டுகளுக்கு விடப்பட்டன. 1948 இல் குடியுரிமையும் பறிபோனபின் அம்மக்களின் சுகாதாரத்தைப் பற்றிக் கேட்பதற்குப் பாராளுமன்றத்தில் ஆளும் இல்லாமற் போயிற்று. ரொக்பெல்லர் மன்றம் இந்நாட்டு வைத்தியர்களுக்குப் புலமைப்பரிசில் கொடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பிப் பொதுச் சுகாதாரம் பயிற்றுவித்தது. நல்ல காரியம். கொழும்பு வைத்தியக் கல்லூரியின் வாசலை எட்டியவர்களுக்கே அது கிடைத்தது. பெரட்டுக்களத்தில் நின்றவரின் பிள்ளைக்கு அன்று பள்ளிக்கூட வாசலே எட்டாத தூரம்.

இனிப் பேராதனைக்கு வருகிறேன். இதைச் சற்று விரிவாகவே சொல்லவேண்டும். ஏனெனில், ஓர் ஆய்வுப் பயிற்சித் திட்டத்தை நடத்துவோர் சரியான இடத்தில் அமர்ந்து சரியான கேள்வியைக் கேட்டால் என்ன நடக்கும் என்பதற்கு அது உலகறிந்த உதாரணம்.

பீடைகொல்லிகளால் விளையும் மரணங்கள் இந்நாட்டின் கிராமங்களைப் பல பத்தாண்டுகளாக அலைக்கழித்த துயரம். அதை முதன்முதலில் உலகின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் பேராசிரியர் ஜே. ஜெயரத்தினம். 1982 இல் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் அவரும் சகாக்களும் வெளியிட்ட கட்டுரை, இலங்கையில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 13,000 பேர் இதனால் வைத்தியசாலைகளில் அனுமதிக்கப்படுவதையும் ஏறத்தாழ 1,000 பேர் உயிரிழப்பதையும் எடுத்துக்காட்டியது. நிர்வாக ரீதியான ஏற்பாடு அதற்கு முன்பே வந்துவிட்டது. 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் உருவான பதிவாளர் அலுவலகம் பேராதனை கெட்டம்பேயில் அமைந்தது. 1962 இல் தொடங்கப்பட்ட பேராதனை மருத்துவ பீடத்திலிருந்து அங்கே செல்வதற்கு பஸ்ஸில் சில நிமிடங்கள் போதும். இந்த அயலுறவை நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஆராய்கிறவரும் தீர்மானிக்கிறவரும் ஒரே கடைத்தெருவில் நடமாடினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

2004 இல் பிரித்தானியாவின் வெல்கம் நிதியமும் அவுஸ்திரேலியாவின் தேசிய சுகாதார மருத்துவ ஆய்வுச் சபையும் கொடுத்த நிதியுடன் பேராதனையை மையமாகக் கொண்டு தெற்காசிய மருத்துவ நச்சியல் ஆய்வுக் கூட்டமைப்பு உருவாயிற்று. அன்ட்ரூ டோசன், நிக் பக்லி, மைக்கல் எடில்ஸ்டன் ஆகியோர் அதன் முன்னணியில் இருந்தார்கள். மாவட்ட வைத்தியசாலைகளின் வார்டுகளிலேயே ஆய்வு உதவி வைத்தியர்கள் நிறுத்தப்பட்டு, அனுமதிக்கப்படும் ஒவ்வொரு நோயாளியும் பதிவுசெய்யப்பட்டார். இலங்கை வைத்தியர்களும் விஞ்ஞானிகளும் பலர் அந்தத் தரவுகளைக் கொண்டே கலாநிதிப் பட்டம் பெற்றார்கள். வெளிநாட்டார் தரவை எடுத்துக்கொண்டு விமானமேறிவிடும் வழக்கத்தைப் பார்த்துச் சலித்திருந்த என்னைப் போன்ற பத்திரிகையாளர்களுக்கு, ஆய்வாளர் இங்கேயே உருவாகிறார் என்பது செய்தியாகவே பட்டது.

அதைவிடப் பெரிய செய்தி அவர்கள் கேட்ட கேள்வியில் இருந்தது. நஞ்சருந்தியவரை எப்படிக் காப்பாற்றுவது என்பதுடன் அவர்கள் நிற்கவில்லை. எந்த மருந்து கையில் கிடைத்ததால் அவர் இறந்தார், அந்த மருந்து கடையில் ஏன் இருக்கிறது என்று கேட்டார்கள். இலங்கை 1995 இல் மிகக் கொடிய பீடைகொல்லி வகைகளையும் 1998 இல் எண்டோசல்பானையும் தடைசெய்திருந்தது. வைத்தியசாலைத் தரவுகளின் துணையுடன் 2008 தொடக்கம் 2011 வரையிலான காலத்தில் டைமெதோயேட், பென்தியொன், பராகுவாட் ஆகியவையும் படிப்படியாக விலக்கப்பட்டன. விளைச்சல் விழுந்துவிடும் என்று அச்சுறுத்தியவர்கள் இருந்தார்கள். பதிவாளராக இருந்த காமினி மனுவீர, ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2008 இல் வெளியிட்ட கட்டுரையில், முந்திய தடைகளால் விளைச்சல் வீழ்ந்ததற்குச் சான்றில்லை எனக் காட்டினார். அரச அதிகாரியொருவர் தமது தீர்மானங்களின் விளைவைத் தாமே ஆராய்ந்து எழுதுவது இந்நாட்டில் அரிய காட்சி.

விளைவு என்ன? 1995 ஐ அண்டி உச்சத்திலிருந்த நாட்டின் தற்கொலை வீதம் 2015 அளவில் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்தது. அந்த இருபது வருடங்களில் ஏறத்தாழ 93,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டிருக்கலாம் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. அந்த 93,000 பேரில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகளும் இருப்பார்கள். அதை மறந்துவிட்டுக் குறைகூறுவது நன்றியாகாது.

அதே ஆய்வாளர்களின் இன்னொரு பணியையும் குறிப்பிட வேண்டும். பீடைகொல்லியை வீட்டில் பூட்டிவைக்கும் பெட்டிகளை விவசாயிகளுக்குக் கொடுத்தால் பிரச்சினை தீரும் என்று ஒரு கருத்து நிலவியது. உற்பத்தியாளருக்கும் அது உவப்பான கருத்து. பொறுப்பு பெட்டி வைத்திருக்கும் குடும்பத்தின் தலையில் விழுந்துவிடுமல்லவா? வடமத்திய மாகாணத்தில் 180 கிராமங்களில் 53,000 க்கும் மேற்பட்ட வீடுகளில் இதைப் பரீட்சித்துப் பார்த்தார்கள். பெட்டிகளால் பயன் இருந்ததற்குச் சான்று கிடைக்கவில்லை. அதை மறைக்காமல் 2017 இல் லான்செட் சஞ்சிகையில் வெளியிட்டார்கள். சமத்துவம் என்ற சொல்லை ஆயிரம் தடவை உச்சரிப்பதைவிட இப்படியான ஓர் ஆய்வு மேலானது என்பது எனது அபிப்பிராயம். ஏழையின் வீட்டுக்குள் தீர்வைத் தேடுவதா, கடைக்கும் சட்டத்துக்கும் போவதா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லிவிட்டது.

அப்படியானால் எனது மனக்குறை என்ன? மலையகத்தின் கேள்விகளை இன்னும் மலையகத்தார் கேட்கவில்லை என்பதே.

1990களில் புசல்லாவைப் பக்கத்துத் தோட்டமொன்றில் மருந்தடிக்கும் தொழிலாளர் ஒருவர் தமது விரல் நகங்களை எனக்குக் காட்டினார். கறுத்து, பிளந்து கிடந்தன. முதுகில் பம்பைச் சுமந்து நாள்முழுவதும் களைகொல்லி தெளிப்பவர் அவர். "இது சாவுற அளவுக்கு இல்ல, ஆனா வாழுற அளவுக்கும் இல்ல" என்றார். பீடைகொல்லியைப் பற்றி உலகத்தரமான அறிவு விளைந்த பேராதனையிலிருந்து அவருடைய தோட்டம் ஒரு மணித்தியாலப் பயணம். அவர் கேட்டது வேறு கேள்வி. அதை ஆய்வுக் கேள்வியாக மாற்றி எழுதத் தெரிந்தவர் அவருடைய லயத்தில் இருக்கவில்லை. 2015 இல் கிளைபோசேட் தடைசெய்யப்பட்டபோதும், 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அது திரும்ப அனுமதிக்கப்பட்டபோதும் தோட்டக் கம்பனிகளின் நட்டக்கணக்கைப் பத்திரிகைகளில் நாங்கள் பக்கம் பக்கமாக எழுதினோம். பம்பு சுமந்தவரின் நகத்தைப் பற்றி நானும் எழுதவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்குண்டு.

இன்னொரு சம்பவம். பல வருடங்களுக்கு முன் ஓர் ஆய்வுத் திட்டத்தார் தங்களுடைய சம்மதப் படிவத்தின் தமிழாக்கத்தைப் பார்த்துத் தரும்படி என்னிடம் கொடுத்தார்கள். நிறுவனத்தின் பெயர் இங்கு அவசியமில்லை. விரும்பினால் எந்நேரமும் ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம் என்று இருக்கவேண்டிய இடத்தில், 'நீங்கள் எந்நேரமும் அகற்றப்படலாம்' என்று அச்சாகியிருந்தது. லயத்துக் காம்பரா தோட்டத்துக்குச் சொந்தமாக இருக்கும் ஒரு குடும்பத்துக்கு 'அகற்றப்படலாம்' என்ற சொல் என்ன பொருள் தரும் என்பதை விளக்கவேண்டியதில்லை. அதற்குள் சில நூறு பேர் அந்தப் படிவத்தில் கையொப்பமிட்டிருந்தார்கள். திட்டத்தை நடத்தியவர்கள் கெட்டவர்கள் அல்லர். நான் சுட்டிக்காட்டியதும் பதறிப்போனார்கள். ஆனால் அந்த அலுவலகத்தில் மேசை வைத்திருந்த எவருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது. வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் மலையில் ஏறி வீடு வீடாகப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

ஆகவேதான் புலமைப்பரிசில் திட்டமொன்றின் பெறுமதி அதன் நிதியத்தில் இல்லை, அதை நடத்தும் பணிக்குழுவிடம் இருக்கிறது என்கிறேன். பணிப்பாளரும் இணைப்பாளர்களும் தெரிவுக்குழுவினரும் எங்கே ஆள் தேடுகிறார்கள்? விண்ணப்பம் கோரும் அறிவித்தல் எந்த மொழியில் வருகிறது? மூன்று மாதம் சம்பளமின்றி இருக்கமுடியாத ஒரு குடும்பத்துப் பிள்ளைக்குக் கொடுப்பனவு முதல் மாதமே கிடைக்குமா, ஆவணங்கள் கொழும்பு போய்த் திரும்பிய பிறகா? களத்தில் நடந்தவரின் பெயர் கட்டுரையின் முகப்பில் வருமா, இறுதியில் நன்றி நவிலும் பந்தியில் வருமா? இவையெல்லாம் சில்லறை விடயங்களாகத் தோன்றும். ஓர் ஆய்வாளர் உருவாவதும் உருவாகாமற் போவதும் இந்தச் சில்லறைகளில்தான். அந்தப் பணிக்குழுவினரிலேயே பலர் ஒப்பந்தத்தில் இருப்பவர்கள் என்பதும் ஒரு வேடிக்கை. ஓராண்டு நிதி முடிந்ததும் இணைப்பாளர் வேறு திட்டத்துக்குப் போய்விடுவார். தோட்டத்துப் பாதையை அறிந்திருந்த ஒரேயொரு ஆளும் அத்துடன் போய்விடுவார்.

தரம் குறைந்துவிடும் என்று ஆட்சேபிப்பவர்கள் உண்டு. ஒரு பேராசிரியர் என்னிடம் நேரடியாகவே சொன்னார்: "புலமைப்பரிசில் என்பது நிவாரணம் அல்லவே." அவருடைய கூற்றில் நியாயம் இல்லாமலில்லை. புள்ளிவிபரவியல் தெரியாதவர் ஆய்வுக்குத் தலைமை தாங்கமுடியாது. ஆனால் புள்ளிவிபரவியலை இரண்டு வருடத்தில் கற்பித்துவிடலாம். பெரட்டுக்களத்தில் எதைப் பேசமாட்டார்கள், பிள்ளை மடுவத்தில் எதைப் பேசுவார்கள் என்பதை எந்தப் பீடத்தில் கற்பிப்பது? தேவைப்படும் இரண்டு அறிவுகளில் ஒன்றுக்கு மட்டும் புள்ளி வழங்கிவிட்டு அதைத் தரம் என்று அழைப்பதையே நான் ஆட்சேபிக்கிறேன்.

இது எட்டாக்கனியும் அல்ல. பெங்களூரில் ரவி நாராயண், தெல்மா நாராயண் ஆகிய வைத்தியத் தம்பதியர் 1984 இல் ஆரம்பித்த சமூக சுகாதாரக் குழு, பின்னர் சொச்சாரா என்ற அமைப்பாக வளர்ந்தது. 2003 இல் அவர்கள் சமூக சுகாதாரப் புலமைப்பரிசில் திட்டமொன்றைத் தொடங்கினார்கள். வைத்தியர்களுடன் சமூகப் பணியாளர்களும் பிற துறையினரும் சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். வகுப்பறையில் கொஞ்சம், மக்கள் அமைப்புகளுடன் களத்தில் அதிகம் என்பதே அங்கே பயிற்சி. நடத்துவோரும் தங்களை ஆசான்களாகக் கருதாமல் வழித்துணையாகக் கருதினார்கள். மேலைநாட்டுப் பணக்கார மன்றங்கள் பெரும் தொகையில் செய்ததை ஒரு சிறிய அலுவலகம் வேறுவிதமாகச் செய்து காட்டியது. கண்டியில் அப்படியொன்றைத் தொடங்குவதற்கு வேண்டியவை யாவும் இருக்கின்றன. மருத்துவ பீடம் இருக்கிறது, கெட்டம்பே அலுவலகம் இருக்கிறது, மலையக மக்களுடன் பல்லாண்டுகளாகப் பணியாற்றும் அமைப்புகள் கண்டி நகரிலேயே இருக்கின்றன. பட்டம் பெற்றுவிட்டு ஒப்பந்த வேலைக்கு அலையும் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

தேவையும் குறையவில்லை. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் தேசிய ரீதியில் 17 சதவீதம், தோட்டத்துறையில் 32 சதவீதம். இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டும் அறிக்கைகளுக்குப் பஞ்சமில்லை. கேள்விகளே பழையவை.

அன்று மாலை அந்தப் பெண்ணிடம், "நீங்கள் நிரப்பிய படிவங்களில் என்ன கேட்டிருக்கவேண்டும் என்று நினைத்தீர்கள்?" என்று வினவினேன். யோசிக்காமலே பதில் வந்தது. "வீட்டுல கக்கூஸ் இருக்கான்னு கேக்குறாங்க ஐயா. எல்லா வீட்டுலயும் இருக்குன்னு எழுதிட்டு வருவோம். மலையில கொழுந்து எடுக்குற எட்டு மணித்தியாலமும் எங்க போறாங்கன்னு ஒருத்தரும் கேக்கல. எங்கம்மா காலையில தண்ணியே குடிக்க மாட்டாங்க."

மாத்தளையில் மலசலகூடக் கணக்கு எடுக்கப்பட்டு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகிவிட்டது. தண்ணீர் குடிக்காமல் மலையேறும் தாயை அந்தக் கணக்கு இன்னும் எட்டவில்லை.

வெறுமையாகக் கிடந்த பகுதியில் ஆய்வுக் கட்டுரைகள் இல்லை என்பதை நேர்மையாகவே எழுதினோம். அதன் கீழே, மூன்று திட்டங்களின் பெயர், சென்ற தோட்டங்கள், பேசிய வீடுகளின் எண்ணிக்கை, படிவத்தில் இல்லாமற்போன இந்தக் கேள்வி ஆகியவற்றை ஒரு பக்கத்தில் அவரே எழுதினார். நான் இரண்டு காற்புள்ளிகளை மாற்றியதோடு சரி. கலஹாவுக்கான கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்று அவசரமாகக் கிளம்பிப் போனார்.

கடந்த வாரம் தொலைபேசியில் அழைத்தார். தெரிவு முடிவு வரவில்லை. ஆனால் அந்தத் திட்டத்தின் இணைப்பாளர் ஒருவர், கொழுந்தெடுக்கும் பெண்கள் தண்ணீர் குடிப்பதைத் தவிர்க்கும் விடயத்தைச் சற்று விரிவாக எழுதி அனுப்பமுடியுமா என்று மின்னஞ்சலில் கேட்டிருக்கிறாராம். பதில் எழுதுவதற்கு முன், தாயுடன் வேலை செய்யும் பெண்களிடம் பேசவேண்டும் என்று தோட்டத்துக்குப் போயிருக்கிறார்.